ஆஜ்வா ஏரியும் தஞ்சை ஆடலும்

பரோடா என்று நாம் இன்றும் வாய்ப்பழக்கமாகச் சொல்லி வரும் வடோதரா நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் அவர்களின் பெயரை அறியாத குழந்தை இராது. பல்கலைக்கழகம் அவர் பெயரால் வழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிற்றுண்டிப் பொட்டலத்துடன் சென்று விளையாடும் பூங்காவும் அவர் பெயரால் வழங்குகிறது. கட்டாயக் கல்வி, நடமாடும் நூலகம், அம்பேத்கர் அமெரிக்கா சென்று படிக்க 1913ஆம் ஆண்டில் அளித்த உதவித்தொகை ஆகியவற்றை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆகவே அவற்றை இங்கே மீண்டும் விரிக்கப் போவதில்லை. அம்மன்னர் நீருக்கும் மரத்துக்கும் செய்தது என்ன, இசைக்கும் ஆடலுக்கும் செய்தது என்ன என்னும் இரண்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பின்னதில் நம் தஞ்சைக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கின் வரவுப் பக்கம் மட்டுமே நம் விழாக்களில் வாசிக்கப்படுகிறது. செலவுப் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நேர்மை.

சயாஜிராவ் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். நாசிக் மாவட்டத்துக் கவளாணா என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு பிறந்த கோபாலராவ் என்னும் உழவர் வீட்டுப் பிள்ளை அவர். மல்ஹர்ராவ் கெயிக்வாட்டை ஆங்கில அரசு 1875இல் பதவியிலிருந்து நீக்கியபோது, முந்தைய மன்னர் கண்டேராவின் விதவையாகிய மகாராணி ஜம்னாபாய் அச்சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். வயது பன்னிரண்டு. அன்றுவரை எழுத்து வாசனை அறியாதவர். அவர் பருவம் எய்தும் வரையில் நாட்டை நிர்வகிக்க வந்த திவான் யார் எனின், நம் கும்பகோணத்தில் 1828இல் பிறந்த சர் டி. மாதவராவ் அவர்களே. வீட்டு மொழி மராத்தியாயினும் காவிரிக்கரையில் பிறந்து, சென்னையில் கற்று, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பெயர் பெற்றவர். சயாஜிராவ் முழு அதிகாரம் ஏற்றது 1881ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு முன்னர் நடந்த காரியங்களுக்கு உரிய புகழில் பெரும்பங்கு திவானுக்கே சேரவேண்டும். விசுவாமித்ரி ஆற்றங்கரையில் சுமார் 113 ஏக்கரில் கமாத்தி பாக் என்னும் பூங்காவும் அதனுள் விலங்குக் காட்சிச் சாலையும் 1879இல் ஏற்பட்டபோது மன்னருக்கு வயது பதினாறே. பூங்கா இன்று மன்னர் பெயரைத் தாங்குகிறது; மாதவராவின் பெயரை அங்கே உலாவுவோரில் எத்தனை பேர் நினைக்கின்றனர் என்பது வேறு செய்தி.

இனி நீரைப் பற்றிப் பார்ப்போம். இந்நகரின் பெயரே ஆலமரத்தைச் சார்ந்து பிறந்தது என்பர். வடோதரம் என்றால் ஆலின் வயிறு என்று பொருள். ஆலமரத்துக்குக் குறைவில்லாத ஊரில் குடிநீருக்குக் குறை இருந்தது. விசுவாமித்ரி மழைக்காலத்தில் கரை புரளும். கோடையில் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். கிணறுகளும் படிக்கிணறுகளும் நகர் நடுவிலுள்ள சூர்சாகர் போன்ற குளங்களுமே மக்களின் நம்பிக்கை. தேங்கிய நீரைக் குடித்த ஊர்களில் காலரா வந்துபோவது அக்காலத்தில் வழக்கமான செய்தி.

சயாஜிராவ் அதிகாரம் ஏற்றபின் எடுத்துக்கொண்ட பெரிய காரியங்களுள் ஒன்று, நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஆஜ்வா என்னுமிடத்தில் ஓர் ஏரி அமைப்பது. பாவாகட் மலைப்பக்கம் பெய்யும் மழை வீணே ஓடிவிடாமல் நீண்ட மண்கரை எழுப்பித் தேக்கினார்கள். அங்கிருந்து நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு குழாய்வழியே நீர் நகருக்கு வந்து சேர்ந்தது. இயந்திரம் கொண்டு இறைக்க வேண்டிய தேவையில்லாத அமைப்பு அது. 1880களில் தொடங்கிய வேலை 1890களின் தொடக்கத்தில் பயன் தந்தது. அவ்வமயம் நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. ஏரியோ மூன்று லட்சம் பேருக்குப் போதும்படி வகுக்கப்பட்டது. இருப்பவர்களைப் போல இரண்டு மடங்கு மக்கள் இனிமேல் பிறக்கவும் குடியேறவும் போகிறார்கள் என்று எண்ணி ஓர் அரசு தன் கருவூலத்தைத் திறந்ததே இங்கு நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். அந்த 'இனிமேல் குடியேறப் போகிறவர்கள்' பட்டியலில்தான் பின்னாளில் ரயில்வே வேலைக்கென்று வந்திறங்கிய நம்மவர்களும் இருக்கிறோம். நகரம் பல மடங்கு பெருகி, மஹி ஆற்று நீரும் இன்று வந்து சேர்கிறது. எனினும் கீழ்ப்பக்கத்துப் பகுதிகள் பலவற்றுக்கு ஆஜ்வா நீரே நிமேட்டாவில் சுத்தமாகி வருகின்றது.

மழைக்காலம் வந்தால் ஆஜ்வாவில் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு கவலையோடு இருப்பது நம் காலனிகளில் வழக்கமாகிவிட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் விசுவாமித்ரி பெருகி ஊருக்குள் புகுந்ததையும், முதலைகள் தெருக்களில் தென்பட்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது. பழி முழுவதையும் ஏரியின் தலையில் சுமத்துவோர் உளர். ஆறு பரவ வேண்டிய தாழ்நிலங்களிலும் ஓடைகளிலும் கட்டடம் எழுப்பியது பழைய மன்னர் அல்லர் என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறோம். நூற்றுக்கணக்கான முதலைகள் ஒரு மாநகரின் நடுவே ஓடும் ஆற்றில் மனிதரோடு வாழ்ந்து வருவது நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத காட்சி. அவற்றுக்கு அங்கே முதல் உரிமை உண்டு.

மரங்களிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. கிரும்பீகல் என்னும் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர், லண்டன் கியூ தோட்டத்தில் பணிபுரிந்துவிட்டு 1893இல் பரோடா சேவைக்கு வந்தார். 1908இல் மைசூர் அரசு அவரை அழைத்துக்கொள்ளும் வரையில் இவ்வூர்த் தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பெங்களூர் லால்பாக் பூங்காவோடும், மாதத்துக்கு ஒன்றாக மாறி மாறிப் பூக்கும் அந்நகரின் சாலைமரங்களோடும் சேர்த்துச் சொல்லப்படும் கிரும்பீகல் இவரே. பரோடாவின் பழைய சாலைகளில் நிழலில் நடப்பவர்கள் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கலாம்.

இத்தனையும் சொன்னதால் சயாஜிராவை இக்காலத்துச் 'சுற்றுச்சூழல் பாதுகாவலர்' என்று பட்டம் சூட்ட முனைந்தால் அது மிகை. அச்சொல்லே அவர் நாளில் இல்லை. அவருக்கு முந்தையோர் காலத்திலிருந்தே யானைச் சண்டைக்குப் பேர்போன அரசு இது. சிவிங்கிகளை வளர்த்து மான் வேட்டைக்கு விடும் வழக்கமும் பரோடா அரண்மனைக்கு உண்டு. அந்தச் சிவிங்கி இனம் இந்திய மண்ணில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டதையும், 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விடப்பட்டதையும் செய்தித்தாளில் படித்தோம். கானுயிரைக் காத்த பெருமையை அவருக்கு நாம் வழங்கவில்லை. நீரையும் நிழலையும் அரண்மனை மதிலுக்கு வெளியே கொண்டுவந்தார் என்பதே நாம் சொல்வது.

'மன்னனின் கொடை என்பது குடிகள் கொடுத்த வரிதானே' என்று கேட்கும் இளைஞர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது கி.பி. 1899-1900இல், 'சப்பனியோ' என்று குஜராத் இன்றும் அஞ்சி நினைக்கும் பஞ்சம் வந்தது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 24 லட்சத்துக்கு மேலிருந்த பரோடா அரசின் மக்கள்தொகை, 1901இல் ஏறத்தாழ 19½ லட்சமாகக் குறைந்தது. நிவாரண வேலைகள் நடந்தும் இவ்வளவு இழப்பு. தலைநகருக்கு ஏரி இருந்தது, கிராமங்களுக்கு இல்லை. ஆதலின் அவர் கொடையின் எல்லை எதுவென்பதும் அந்த எண்களில் தெரிகிறது.

இனி கலைக்கு வருவோம். பரோடா அரசில் பாடகர், வாத்தியக்காரர், ஆடுமகளிர், வித்தைக்காரர் ஆகியோர் அனைவரையும் நிர்வகிக்க 'கலாவந்த் கார்கானா' என்றொரு இலாகா இருந்தது. கார்கானா என்றால் தொழிற்சாலை அன்றோ? பெயரைக் கேட்டு நகைக்கலாம். செயலும் ஏறக்குறைய அப்படியே. சயாஜிராவ் காலத்தில் அவ்விலாகாவுக்கு எழுத்துமூலமான விதிகள் ஏற்பட்டன. கலைஞர்களுக்குத் தரம் பிரித்துச் சம்பளம், கச்சேரிக்கு நேர ஒழுங்கு, விடுப்பு வேண்டுமாயின் விண்ணப்பம், தவறினால் அபராதம். வருகைப் பதிவேட்டோடும் விடுப்பு மனுவோடும் காலங்கழிக்கும் ரயில்வே எழுத்தர்களாகிய நமக்கு இதைப் படிக்கையில் சிரிப்பும் வருகிறது, சிறிது மரியாதையும் பிறக்கிறது. அரசர் மகிழ்ந்தபோது முத்துமாலை, சினந்தபோது ஒன்றுமில்லை என்றிருந்த நிலைமாறி, கலைஞனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் பெரும் உஸ்தாதுகளுக்கு அக்கட்டுப்பாடு கசந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அவர்களுள் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் செல்ல மனமில்லை. கிரானா கரானாவின் தூண் எனப்படும் உஸ்தாத் அப்துல் கரீம் கான் இளமையில் பரோடா அரண்மனைப் பாடகர். அரச குடும்பத்தோடு உறவுடைய சர்தார் ஒருவரின் மகளான தாராபாய் மானேயை விரும்பி, இருவருமாக 1890களில் ஊரைவிட்டே வெளியேறினர். கர்நாடக இசையிலும் ஈடுபாடு கொண்டு தென்னாடு பலமுறை வந்தவர் அவர். 1937ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்லும் வழியில் உடல் தளர்ந்து, சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கி, அந்த நடைமேடையிலேயே உயிர் நீத்தார். செங்கற்பட்டு மார்க்கமாகப் போய்வரும் நம்மில் பலர் அந்நிலையத்தைக் கடந்திருப்போம்.

1886ஆம் ஆண்டில் மௌலா பக்ஷ் என்னும் வித்வானைக் கொண்டு சயாஜிராவ் ஓர் இசைப்பள்ளி தொடங்கினார். வடநாட்டு இசையோடு தென்னாடு சென்று கர்நாடக சங்கீதத்தையும் கற்றறிந்தவர் மௌலா பக்ஷ். இசையை எழுத்தில் குறித்துப் பாடப்புத்தகமாக அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். குருவின் வீட்டில் பல்லாண்டு பணிவிடை செய்து, அவர் மனமிரங்கினால் ஒரு கீர்த்தனம் பெறலாம் என்றிருந்த காலத்தில், கட்டணமும் கால அட்டவணையும் உடைய அரசாங்கப் பள்ளியில் கடைக்காரர் மகனும் குமாஸ்தா மகனும் ராகம் கற்கலாம் என்றாயிற்று. ஆஜ்வா நீரைக் குழாயில் வரவழைத்த அதே கை, அதே பத்தாண்டில், அரண்மனைக்குள் இருந்த இசையையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஆக்ரா கரானாவின் உஸ்தாத் பையாஸ் கான் இந்நகரில் அரசவைப் பாடகராக விளங்கியதும், அவர் புகழால் பரோடாவின் பெயர் நாடெங்கும் பரவியதும் இசையன்பர் அறிந்தவை.

1916ஆம் ஆண்டு மார்ச்சில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு பண்டித பாத்கண்டேயின் முயற்சியாலும் மன்னரின் ஆதரவாலும் பரோடாவில் கூடியது. அதற்கு நம் தஞ்சையிலிருந்து ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் வந்தார். அக்காலத்தில் தஞ்சையிலிருந்து இங்கு வருவதென்றால் சிறுபாதை ரயிலில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து அகலப் பாதையில் பம்பாய் போய், மீண்டும் பி.பி.சி.ஐ. ரயில் ஏற வேண்டும். வீணையும் மூட்டைகளுமாகப் புதல்வியரையும் உடன் அழைத்துக்கொண்டு அப்பெரியார் வந்தது, ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்னும் கொள்கை பிழை, 24 என்பதே சரி என்று சபையில் வாதிடுவதற்கு. வாதத்தின் முடிவை இசைவாணர்கள் இன்றும் தீர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய 'கருணாமிர்த சாகரம்' மறு ஆண்டு 1917இல் வெளியாயிற்று.

இனி அந்தச் செலவுப் பக்கம். சயாஜிராவின் முதல் மனைவி தஞ்சையிலிருந்து வந்த லட்சுமிபாய். 1880 ஜனவரியில் திருமணம். சிம்னாபாய் என்பது புகுந்த வீட்டில் இட்ட பெயர். 1885லேயே இளவயதில் மறைந்துவிட்டார். அவர் நினைவாகவே நியாய மந்திர் என்னும் அழகிய நீதிமன்றக் கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய சிஷோம் துரையே முன்னர்ச் சென்னையில் செனட் மாளிகையைக் கட்டியவர். தஞ்சைப் பெண்ணின் நினைவு இவ்வாறு கல்லிலே நிற்கிறது.

அப்பெண்ணோடு சீதனமாக வந்தவர்களின் நினைவு எங்கே நிற்கிறது? தஞ்சையிலிருந்து ஓர் ஆடற்குழு அவரோடு பரோடா வந்தது. தஞ்சை நால்வர் மரபினரான கண்ணுசாமி நட்டுவனாரும் வடிவேலு நட்டுவனாரும் இந்த அரண்மனையில் பணிபுரிந்தவர்கள். கண்ணுசாமியின் மகனான பொன்னையா பிள்ளைதான் பின்னர் 1933இல் சென்னை சங்கீத வித்வத் சபை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஆடியவர்களில் நெடுங்காலம் பெயர் பெற்று நின்றவர்கள் கௌரா, காந்திமதி என்னும் இருவர். 'நம் பரதம் அன்றே குஜராத்துக்கு வந்துவிட்டது' என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, வந்தது ஒரு கலை மட்டுமன்று என்பதை மறந்துவிடுகிறோம். பட்டும் பாத்திரமும் நகையும் போல மனிதர்களும் சீதனத்தில் ஒரு பகுதியாக வந்தார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டவர் யார்? காவிரியை விட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து, மராத்தியும் குஜராத்தியும் பேசும் சபையில், தமிழும் தெலுங்கும் கலந்த பதங்களுக்கு அபிநயம் பிடித்தார்கள். வேலை நிமித்தம் வந்த நமக்கு ஆண்டுக்கொருமுறை ஊர் போய்வரப் பயண அனுமதிச் சீட்டாவது உண்டு.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மௌலா பக்ஷின் இசை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தஞ்சை ஆடல் வரவில்லை. அது அரண்மனை விருந்தினருக்கும் கொலுவுக்கும் உரிய காட்சியாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. ஊரார் தம் பெண்களை அதைக் கற்க அனுப்ப விரும்பாத காலம் அது என்பது உண்மையே. ஆயினும் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பச் சட்டமே இயற்றிய மன்னர், இந்தப் பெண்களின் வித்தையைப் பள்ளியில் வைக்கவில்லை. நீரைப் பொதுவாக்கினார், இசையைப் பொதுவாக்கினார். ஆடலை மட்டும் உள்ளே வைத்திருந்தார். அவர் கொடையில் நமக்குக் குறையாகத் தோன்றுவது இதுவே.

சயாஜிராவ் 1939 பிப்ரவரியில் காலமானார். அரண்மனைக் குழுவும் கலைந்தது. காந்திமதியின் குடும்பம் பரோடாவை விட்டுப் பிழைப்புத் தேடி வெளியேறியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மன்னர் நெடுங்காலம் எண்ணியிருந்த பல்கலைக்கழகம், அவர் பேரர் பிரதாப்சிங்ராவ் காலத்தில் 1949இல் அவர் பெயரோடு ஏற்பட்டது. பழைய இசைப்பள்ளி அதில் இணைந்து, நடனமும் பட்டப்படிப்பாயிற்று. காந்திமதியின் மகன் குபேர்நாத் மீண்டும் இந்நகருக்கு வந்து ஆசிரியராக அமர்ந்தார். தாய் அரண்மனைக்குள் ஆடியதை, மகன் குஜராத்தி வீட்டுப் பெண்களுக்கும் மராத்தி வீட்டுப் பெண்களுக்கும் வகுப்பறையில் கற்பித்தார். குபேர்நாத் தஞ்சோர்க்கர் என்பதே அவர் வழங்கிய பெயர். மராத்தியில் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்தால் அவ்வூரார் என்று பொருள். இரண்டு தலைமுறை கடந்தும் இவ்வூர் அவர்களைத் தஞ்சாவூர்க்காரர் என்றே அழைத்தது. அவர்களும் அதை விடவில்லை.

கலாக்ஷேத்திரத்தில் பயின்ற ஆசான் சி. வி. சந்திரசேகர் 1980இல் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்து, புலத்தலைவராக உயர்ந்து, 1992இல் ஓய்வு பெற்றார். 2024 ஜூனில் அவர் மறைந்தபோது சூர்சாகர் கரையிலுள்ள அக்கல்லூரியின் பழைய மாணவர்கள் நாடெங்கும் அவரை நினைவுகூர்ந்தனர். அவர் நின்று கற்பித்த தரையில், அவருக்கு முன்னர்க் குபேர்நாத்தும், அவருக்கும் முன்னர், வகுப்பறைக்கு வெளியே, கௌராவும் காந்திமதியும் இருந்தனர்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பெண் குழந்தைகளின் பரதநாட்டியம் ஒருமுறையேனும் இல்லாமற்போனதில்லை. நிகழ்ச்சிக்கு முன்னர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் அறிமுகத்தில் பரத முனிவரும் தில்லைக் கூத்தனும் தவறாமல் இடம்பெறுகின்றனர். இவ்வாண்டு முதல் அதில் இன்னும் இரண்டு பெயர்களையும் சேர்த்து வாசிக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.